நான்கு தட்டு, இரண்டு தட்டு

1961 டிசம்பரில், அமெரிக்காவில் பொழுதுபோக்காக வானொலி இயக்குபவர்கள் சிலர் சேர்ந்து செய்த ஒரு சின்னப் பெட்டி, ராக்கெட்டில் ஏறிப் பூமியைச் சுற்றத் தொடங்கியது. மோர்ஸ் தந்தியில் ‘ஹை’ என்ற ஒரே சொல்லைத்தான் அது ஓயாமல் அனுப்பியது. H எழுத்துக்கு நான்கு புள்ளி, I எழுத்துக்கு இரண்டு புள்ளி. கேட்டவர்கள் அமெரிக்காவுக்கு எழுதித் தெரிவிக்கலாம் என்று, பெங்களூரிலிருந்த பட்டாளத்து நண்பர் ஒருவர் சாமுவேலுக்குக் கடிதம் போட்டிருந்தார்.

சாமுவேல் யுத்தகாலத்தில் சிக்னல் படையில் இருந்தவர். இப்போது ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் மெக்கானிக். தோல் உருட்டும் பெரிய மர டிரம்களின் இரைச்சலில் பதினைந்து வருஷம் ஓடியிருந்தது.

பெட்டி தலைக்கு மேல் கடக்கும் சில நிமிஷங்களுக்காக மூன்று நாள் காலையில், தானே செய்த ரேடியோவின் முன் காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பற்றவைத்ததையெல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தார். நான்காம் நாள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வீசினார். காபி கொண்டுவந்த மனைவி அமிர்தவள்ளி அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள்.

“இன்னாங்க, குருவி கத்தற மாதிரி கேக்குதே!”

அவர் வாங்கி மாட்டினார். வெறும் மௌனம்.

ஒரு வருஷமாக, தான் கேட்டது ஒன்றும் அவர் சொல்லும் பதில் வேறொன்றுமாக இருந்தது ஏனென்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஹெட்போனைத் தன் காதில் வைத்துக்கொண்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்து விரலால் தட்டினாள். நான்கு. இரண்டு. மறுபடி நான்கு, இரண்டு.

சாமுவேலின் கண் கலங்கியது. “காது போய்டுச்சு வள்ளி. ஷாப்புல சொல்ல பயந்துகினு இருந்தேன்.”

“அத்த அப்புறம் பாத்துக்கலாம். ஏரியலத் திருப்புங்க, சத்தம் கம்மியாவுது.”

அன்றிலிருந்து அவர் மாடியில் ஏரியலைத் திருப்ப, அவள் கீழே கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினாள். பெட்டிக்குள் சூடு ஏறினால் தட்டல் வேகமாகும். “இன்னிக்கு அதுக்கு ஜுரம் ஜாஸ்திங்க” என்று கத்துவாள். புது வருஷம் பிறந்த சில நாளில் சத்தம் நின்றது. அதற்கப்புறமும் இரண்டு நாள் காத்திருந்து பார்த்தாள்.

அமெரிக்காவுக்கு அனுப்பும் தாளில் ‘கேட்டவர்: அமிர்தவள்ளி சாமுவேல்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

“நீங்க செஞ்ச ரேடியோவாச்சே?”

“கேட்டது நீதானே.”

மறுநாள் அவரே போர்மேனிடம் போய்ச் சொன்னார். டிரம் கொட்டகையிலிருந்து தள்ளி, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் அறைக்கு அவரை மாற்றினார்கள். அமிர்தவள்ளி அவர் முகத்துக்கு நேரே நின்று, நிதானமாகப் பேசப் பழகிக்கொண்டாள்.