வெர்னின் எட்டு நூற்றைம்பது

என் வீட்டுக்காரர் வெர்னைக் கேட்டால், வண்டிக்கு வரும் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்: எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஊட்டும் கார்பரேட்டரை இன்னும் பெரியதாக மாற்றுவது. எங்கள் அறுபத்தெட்டாம் வருடத்து செவெல் கார் அதுவரை ஒரு சின்ன கார்பரேட்டரோடு, பாவம், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான், மகள் கெர்ரியின் கல்யாணம் நெருங்குகிற நேரத்தில், பழைய சாமான் சந்தையிலிருந்து எட்டு நூற்றைம்பது என்கிற ராட்சசக் கார்பரேட்டரைத் தூக்கிவந்தார். நிமிடத்துக்கு அத்தனை கன அடி காற்றை உறிஞ்சுமாம். பந்தயத்தில் பறக்கிற வண்டிக்கு அது வேண்டும்தான். எங்கள் வண்டி போகவேண்டியதோ டொலீடோ நகரத்தில் எங்கள் தெருவிலிருந்து சர்ச் வரைக்கும், நடுவில் ஏழு சிக்னல்.

மாட்டிய நாளிலிருந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி இருமி நின்றது. நிற்காத நேரத்தில் கரும்புகை விட்டது. அப்பா ஓட்ட, அந்த வண்டியில்தான் கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்பது கெர்ரியின் சின்ன வயது ஆசை. வெள்ளை கவுனில் பெட்ரோல் நாற்றத்தோடு நடுரோட்டில் நிற்க அவள் ஆசைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்தால் போதும், நாலு வீட்டு ஆண்கள் பீரும் திருப்புளியுமாக வந்துவிடுவார்கள். ஒருவர் பெட்ரோலைக் கூட்டித் திருகுவார். அவர் அடுத்த பீருக்குப் போனதும் இன்னொருவர் குறைத்துத் திருகுவார். என் தம்பி லைல் மட்டும் திருகவில்லை, அவனுக்குப் பேச்சே போதும்.

"மச்சான், இவ்ளோ பெருசு உன் எஞ்சினுக்கு ஆகாது. நான் அப்பவே சொன்னேன்."

"எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லடா. கார்பரேட்டர் இன்னும் பழகல," என்றார் வெர்ன்.

"அது பழகுறதுக்குள்ள கெர்ரிக்குப் புள்ளையே பொறந்துடும்," என்றேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மதியம், ஆண்கள் வாடகைக் கோட்டு எடுக்கப் போனார்கள். கெர்ரி டார்ச் பிடித்தாள். இருபது வருடம் அதே டார்ச்சைப் பிடித்துத் திட்டு வாங்கியவள் நான், எந்த நட்டு எங்கே என்று தெரியாமல் போகுமா? பெரியதை இறக்கிவிட்டுப் பழைய சின்னதை ஏற்றினோம். மேலே காற்று வடிகட்டியை வைத்து மூடினால் அடியில் எது இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. எட்டு நூற்றைம்பதை உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன்.

மறுநாள் ஏழு சிக்னலிலும் வண்டி முனகக்கூட இல்லை. விருந்தில் வெர்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. "பழகணும்னு சொன்னேன்ல? எட்டு நூத்தம்பது, பட்டு மாதிரி போகுது," என்று மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னார். கெர்ரியும் நானும் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டோம். கடைசியில் கூட்டத்தையே வெளியே கூட்டிப்போய் பானெட்டைத் திறந்தார்.

"அந்த மூடியையும் கழட்டு மச்சான், பாப்போம்," என்றான் லைல்.

எவ்வளவு கேலி பேசினாலும் அவர் என் ஆள். மகள் கல்யாணத்தன்று அத்தனை பேர் முன்னால் அவர் முகம் தொங்குவதை என்னால் பார்க்க முடியாது.

"சூடா இருக்குடா, கைய வைக்காத," என்று வெர்ன் பானெட்டைச் சாத்தினார்.

பிறகு நடனத்துக்கு என்னை இழுத்தவர் காதோடு சொன்னார். "பழசை மாட்டுனப்போ ஆக்ஸிலரேட்டரைத் திரும்ப இழுக்குற ஸ்பிரிங்கை மாட்டாம விட்டுட்ட, டோரீன். காலைல நான் பாக்கலன்னா, மிதிச்சது மிதிச்சபடியே நின்னு, நேரா சர்ச் சுவத்துல போய்த்தான் முட்டியிருப்போம்."

அவரும் என் பெண்ணும் அந்த வண்டியில். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"சரி விடு. லைல்கிட்ட மட்டும் சொல்லிடாத," என்றார்.