ஒரு பக்கப் பிரேக்

கீர்த்திகன் டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து கிடந்தபடி கடைசி வயரையும் இணைத்தான். பலெர்மோவின் ஒரேத்தோ தெருவில் அவன் வேலை செய்யும் கராஜுக்கு இப்படியொரு வேலை முன்பு வந்ததில்லை. ஊர் திரும்பிய ஓர் அமெரிக்கனிடம் டினேஷ் வாங்கிய பெரிய ஜீப்பும் டிரெய்லரும் அவை. டிரெய்லரின் சில்லுகளுக்குள் மின்சாரப் பிரேக். சாரதி மிதிக்கும்போது டிரெய்லரும் சேர்ந்து பிடிக்க வேண்டுமென்றால் ஜீப்புக்குள் ஒரு கண்ட்ரோலர் பூட்ட வேண்டும்.

பூட்டியாயிற்று. டிரெய்லரை ஜாக்கில் தூக்கி, இரண்டு சில்லுகளையும் சுழற்றிவிட்டு, கண்ட்ரோலரின் பொத்தானை அமத்தும்படி முதலாளியிடம் சொன்னான். வலது சில்லு சட்டென்று நின்றது. இடது சில்லோ தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது.

"உள்ளுக்குப் பிரேக் பிடிக்கிற காந்தம் எரிஞ்சுபோச்சு, அண்ணை," என்றான் டினேஷிடம். "ஒரு பக்கந்தான் பிடிக்குது. பாரத்தோடை இறக்கத்திலை வந்தா வண்டியைச் சுழட்டி அடிச்சுப்போடும். சாமான் வருமட்டும் இஞ்சை நிக்கட்டும்."

டினேஷ் சியாகுல்லி மலைச்சரிவுப் பழத்தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன், பழமும் ஏற்றுவான். "மந்தரீனோத் தோடம்பழம் மரத்திலை பழுத்து நிக்குது. நாளைக்கு ஏத்தாட்டி தோட்டக்காரச் சிஞ்ஞோரா வேறை ஆளைப் பிடிச்சிடுவா. ஒரு பக்கம் பிடிக்குதெல்லே, காணும்."

முதலாளி தோளைக் குலுக்கினார். வண்டி அவனுடையது, கொண்டுபோகட்டும் என்றார்.

அந்த ஜீப்பில் தோட்டத்துக்குப் போகிறவர்களில் இராஜதுரையும் ஒருவர். பலெர்மோவுக்கு வந்த புதிதில் கீர்த்திகன் அவர் வீட்டில்தான் படுத்தான். அவர் மனைவி சிவபாக்கியத்தின் கையால்தான் சாப்பிட்டான். டினேஷ் வெளியே போனில் கதைத்துக்கொண்டிருந்தபோது, டிரெய்லரிலிருந்து ஜீப்புக்கு வரும் வயரைப் பிளக்கோடு சேர்த்து வெட்டி எறிந்தான்.

"வெட்டிப்போட்டன்," என்று முகத்துக்கு நேரே சொன்னான். "இனி லைட்டும் இல்லை, பிரேக்கும் இல்லை. றோட்டிலை இறக்கேலாது."

டினேஷ் தூஷணத்தால் ஏசினான். டிரெய்லரை வாசலில் விட்டுவிட்டு ஜீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அன்று கீர்த்திகன் நிம்மதியாகப் படுத்தான்.

காலையில் டிரெய்லர் நின்ற வாசல் வெறுமையாக இருந்தது. வேறு கராஜுக்குக் கொண்டுபோயிருப்பான் என்று நினைத்தான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இன்னொரு தரமும் நினைத்தான். இராஜதுரை அண்ணைக்கு எடுத்துக் கேட்போமென்று போனைக் கையிலெடுத்தபோது முதலாளி கூப்பிட்டார். ஒரு வான் ஸ்டார்ட் ஆகவில்லையாம். போன் திரும்பவும் பொக்கற்றுக்குள் போனது.

மதியத்துக்கு முன் செய்தி வந்தது. பழம் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, வளைவில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, ஜீப் கல்மதிலில் மோதியிருந்தது. டினேஷுக்குக் கால் முறிவு. பக்கத்தில் இருந்த இராஜதுரை அந்த இடத்திலேயே முடிந்துபோனார்.

கரபினியேரிப் பொலிஸ்காரர் கராஜுக்கு வந்து, வெட்டுப்பட்ட வயரின் படத்தைக் காட்டி, யார் செய்தது என்று கேட்டார்கள். முதலாளி மேசையைப் பார்த்தார்.

"நான்," என்றான் கீர்த்திகன். ஏன் என்பதையும் சொன்னான்.

டினேஷும் ஆஸ்பத்திரியில் எதையும் மறைக்கவில்லை. வெட்டினது தெரிந்துதான் ஓட்டினேன் என்று அழுதானாம். வழக்கு அவன்மேலேயே போனது. ஆனால் அந்த வயர் முழுசாக இருந்திருந்தால் ஒரு பக்கப் பிரேக் வண்டியைத் தாங்கியிருக்குமா, இன்னும் மோசமாகச் சுழற்றியிருக்குமா என்பதை வண்டியைச் சோதித்துப் பார்த்த நிபுணராலும் சொல்ல முடியவில்லை.

செத்தவீட்டில் சனத்தோடு சனமாக நின்றுவிட்டு வந்தவன், அதற்குப் பிறகுதான் சிவபாக்கியத்தின் படியேறினான்.

"அக்கா, அவரைக் காப்பாத்தத்தான் வெட்டினனான்."

"தெரியும். டினேஷும் சொன்னவன்." அவள் குரலில் கோபம் இல்லை. "அவனிட்டைச் சொன்னனி. முதலாளியிட்டைச் சொன்னனி. இவரிட்டை ஏனப்பு சொல்லேல்லை? அண்ணை, அதிலை ஏறாதேங்கோ எண்டு ஒரு சொல்லு. உன்ரை சொல்லை அவர் தட்டியிருப்பாரே?"

அன்று காலை அவருக்குப் போன் எடுக்கத்தான் நினைத்தேன் என்பது வாய்வரை வந்தது. அதைச் சொல்வது அவளை இன்னும் கொல்லும் என்று பட்டது.

அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குடித்து முடிக்குமட்டும் எதிரே இருந்தாள். பிறகு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவன் சத்தமில்லாமல் இறங்கி வந்தான். அந்த வெயில்காலம் முடியுமுன் அவள் வீட்டை விட்டுவிட்டுத் தன் மகளோடு பகேரியா என்ற ஊருக்குக் குடிபோய்விட்டாள் என்று யாரோ சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது.