இடப்பக்க இருக்கையில் பெய்த பனி

மலையூரான அத்-பாஷியில் இஷென்குலின் பிக்கப் வண்டிக்குள் முதன்முதலாகப் பனி பெய்தது ஓர் அக்டோபர் மாத நண்பகலில். வெளியே நல்ல வெயில். உருளைக்கிழங்கு விலை சற்று இறங்கியிருந்த வாரம் அது. சந்தைக்கு ஆடுகளை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். பனி இடப்பக்க இருக்கையின் மேல் மட்டும் விழுந்தது. கியருக்கு இந்தப் பக்கம் ஒரு துகள்கூட வரவில்லை. சந்தை போய்ச் சேர்வதற்குள் ஒரு சாண் உயரம் சேர்ந்துவிட்டது. அதைக் கையால் வாரி வெளியே தள்ளிவிட்டு, ஆடுகளை இறக்கி, நேராகச் சகினாலியின் பட்டறைக்கு வண்டியை விட்டான். வண்டிக்குள் என்ன அதிசயம் நடந்தாலும் அது ஏதோ ஒரு பழுதுதான் என்பது அவன் எண்ணம்.

அப்படி எண்ணப் பழகியிருந்தான். ஜப்பானில் பிறந்து இரண்டு கை மாறி அவனிடம் வந்தபோதே அந்த வண்டி நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. வாங்கின மறுவருடமே தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. காலையில் ரேடியேட்டரை நிரப்பினால் மாலையில் காலி. கீழே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. புகைபோக்கியில் மட்டும் வெள்ளைப் புகை. சகினாலி மூடியைத் திறந்து ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். ஆயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தது. ஹெட் கேஸ்கெட் போனதோடு நிற்கவில்லை, பிளாக்கிலும் விரிசல் என்றான். வேறு எஞ்சின்தான் போட வேண்டும். அதற்காகத்தான் இஷென்குலின் மனைவி புருல்சா மாஸ்கோவுக்குக் கிளம்பினாள். ஒரு குளிர்காலம் தெரு கூட்டினால் எஞ்சினுக்கு ஆகும், திரும்பி வந்தபிறகு குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

விமான நிலையத்துக்கு அந்த வண்டியிலேயே போனார்கள், வழியெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு. தோலோன் கணவாயின் உச்சியில் பனிச்சாரல் அடித்தது. புருல்சா கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தபடி, “என்னங்க, திருப்பிடுங்க. எனக்குப் போகப் பிடிக்கல,” என்றாள். இஷென்குல் வெப்பமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே, “இந்த உச்சிக் குளிர்ல நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகாது, புருல்சா,” என்று சொன்னான். அது உண்மைதான்.

சகினாலி பனியின் காரணத்தை மூன்று நாள் தேடினான். டாஷ்போர்டைக் கழற்றி ஹீட்டரை வெளியே எடுத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தான். ஒரு குமிழி வரவில்லை. கூரைமேல் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தான்; உள்ளே சொட்டவில்லை. கதவு ரப்பரை மாற்றினான். மாற்றிக்கொண்டிருக்கும்போதே அவன் தொப்பியின் மேல் பனி பெய்தது.

“டேய், ஹீட்டர் ஒழுகினா தண்ணி வரும். பனி எப்படிடா வரும்?”

“மெக்கானிக் நீயா நானா? நீதான் சொல்லணும்.”

“சொல்றேன். வர்றதை என்னால நிறுத்த முடியாது. போறதுக்கு வழி பண்ணித் தர்றேன்.”

அவ்விதமே இடப்பக்கத் தரைத்தகட்டில் துளைகள் போட்டுக் கொடுத்தான். அதன்பின் உருகிய பனி சாலையில் வடிந்தது. அத்-பாஷியின் நாய்கள் அந்த வண்டிக்குப் பின்னால் நக்கிக்கொண்டே ஓடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அது எந்த ஊர்ப் பனி என்பது நவம்பரில் தெரிந்தது. புருல்சா போனில் பேசும்போது, “விடியலிலேருந்து கொட்டுது, அள்ள அள்ள நிறையுது, கையே விட்டுப்போச்சு,” என்றாள். இஷென்குல் அப்போது வண்டியில்தான் இருந்தான். திரும்பிப் பார்த்தான். இருக்கை முழங்கால் உயரத்துக்கு நிறைந்திருந்தது. கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தான். நகரத்துத் தெருக்களில் பனி உருகத் தூவுகிற மருந்தின் கசப்பு. அவளிடம் அதைச் சொல்ல வாயெடுத்தான். பிறகு, எஞ்சின் விஷயமாக நரின் நகரிலிருந்து ஆள் வந்ததைச் சொன்னான்.

வசந்தத்தில் எஞ்சின் வந்தது. புது எஞ்சினின் வேகம் தாங்காமல் பழைய கிளட்ச் பிளேட் தேய்ந்தது. கிளட்ச் மாற்றியதும் கியர்பாக்ஸ் முனகியது. இரண்டாவது கியர் பிடியை விட்டு நழுவியது. இன்னும் ஒரு குளிர்காலம் என்றான் இஷென்குல். சரிங்க என்றாள் அவள். அடுத்த வருடம் நிலக்கரிச் சுமையில் பின் அச்சு வளைந்தது, அதற்கடுத்த வருடம் பட்டை ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக முறிந்தன, பிறகு இன்ஜெக்டர்கள், பிறகு ஸ்டியரிங், பிறகு அந்தப் பனித்தண்ணீரே துருவேற்றித் தின்றுவிட்ட தரைத்தகடு. ஒவ்வொரு பழுதும் சரியான பழுது. எதையும் அவன் கற்பனை செய்யவில்லை. ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் கதவைத் திறந்து, அன்று அவள் முதுகுக்கு எவ்வளவு வேலை என்பதை இடப்பக்க இருக்கையில் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான். பார்த்தும் பணம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஒருநாள் சகினாலி வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கை துடைத்த துணியை அவன் மார்பில் வீசினான். “உன் வண்டிக்கு இனி பழுதே கிடையாதுடா. வயசு மட்டும்தான் இருக்கு. அதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது. போய் அவளைக் கூட்டிட்டு வா.”

“உன் வேலை போல்ட்டு முடுக்குறது. அதைப் பாரு.”

“முடுக்கி முடுக்கித்தான் சொல்றேன், கழுதை.”

இஷென்குலுக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடம் அந்தப் பட்டறைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. நரினுக்குப் போய் வேறொருவனிடம் காட்டினான். அவன் இஷென்குல் கேட்டதையெல்லாம் மாற்றினான், கேட்காததையும் மாற்றினான், பனியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அந்தப் பெரிய பிப்ரவரி வந்தது. காலையில் வண்டியின் இடப்பக்கக் கதவு திறக்கவில்லை. கண்ணாடிவரை வெள்ளையாக அடைத்திருந்தது. வலப்பக்கமாக நுழைந்து மண்வெட்டியால் வெட்டி வெட்டி வெளியே போட்டான். வெட்டின இடத்தில் மறுபடி நிறைந்தது. நண்பகல் ஆனபோது தோள்பட்டையில் ஏதோ கிழிந்ததுபோல் வலித்து, கை மேலே எழவில்லை. ஓர் இருக்கையளவுப் பனி. அவளுக்கு ஒரு தெரு. பனியின் மேலேயே உட்கார்ந்து போன் செய்தான்.

“வந்துடு.”

“வண்டி?”

“சரியாயிடுச்சு.”

“முழுசாவா?” என்று கேட்டாள்.

ஏப்ரலில் வந்து இறங்கினாள். விமான நிலைய வாசலில் அவளைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தான். முகம் அகன்று, முடி முன்பக்கம் நரைத்து, பெட்டியை இடக்கையால் தூக்கியிருந்தாள். வலக்கை தோளுக்கு மேலே போவதில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவள் மடியில் பனி விழுந்தது. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். ஒரு துகளை உதட்டில் வாங்கிக்கொண்டாள். கொச்கோர் ஊரைத் தாண்டியதும் கேட்டாள்.

“எப்போலேருந்து?”

“நீ போன வருஷத்துலேருந்தே.”

“எல்லா நாளுமா?”

“அங்க பெய்யுற எல்லா நாளும்.”

“தெரிஞ்சுக்கிட்டுத்தான் கியர்பாக்ஸ் கேட்டீங்களா?”

“ஆமா,” என்றான் இஷென்குல். வண்டி தோலோன் கணவாயை மூன்றாவது கியரில், ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. அவ்வளவு நன்றாக அது ஓடியதே இல்லை. அதன் சுகமான ஓசையைக் கேட்கக் கேட்க அவனுக்கு அழுகை வந்தது. அவள் மடியில் சேர்ந்த பனியைப் பழக்கத்தில் உருட்டிப் பிசைந்து, கண்ணாடியை இறக்கி வெளியே எறிந்துகொண்டே வந்தாள்.

குழந்தை பிறக்கவில்லை, அதற்கான வயது தாண்டியிருந்தது. இருவரும் சண்டை போடவில்லை. அவள் விடியுமுன் எழுந்து வாசலைக் கூட்டினாள், பிறகு அண்டை வீட்டு வாசலையும் கூட்டினாள், ஒருவரும் தடுக்கவில்லை. அவன் தேநீர் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான். வாங்கிக் குடித்தாள். சகினாலி ஒரு மாலை குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பால் ஜாடியோடு வந்து, மன்னிப்புக் கேட்க வாய் திறந்த இஷென்குலிடம், “ஆயில் மாத்தினியா?” என்று மட்டும் கேட்டான்.

அவள் திரும்பிவிட்டாள் என்பதற்காக மாஸ்கோவில் பனி நிற்கவில்லை, ஆகவே இருக்கையிலும் நிற்கவில்லை. அவள் கூட்டிய தெருவை இப்போது ஜும்கலைச் சேர்ந்த ஒரு பெண் கூட்டுகிறாள் என்று புருல்சா சொன்னாள். அடுத்த இலையுதிர்காலத்தில் அடுத்த தெரு அசில்கான் வந்து, தன் மகளும் மாஸ்கோவில்தான் பனி அள்ளுகிறாள், ஒரு தடவை வண்டிக்குள் எட்டிப் பார்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவளைத் தொடர்ந்து மற்ற தாய்மார்கள் வந்தார்கள். வண்டியை வெளியே எடுக்கும் நேரம் அவர்களுக்காகத் தள்ளிப்போனது. பிறகு இஷென்குல் சுமை ஏற்றுவதையே விட்டுவிட்டு, அதை வேலியோரமாக நிறுத்திவைத்தான். காலையில் வருகிறவர்கள் கதவைத் திறந்து கையை உள்ளே விடுகிறார்கள். பொடியா ஈரமா என்று புருல்சா பக்கத்தில் நின்று சொல்கிறாள். ஈரமென்றால் கனம், இடுப்பைப் பிடிக்கும். “இன்னிக்குத் தேவலை,” என்று அசில்கான் கதவைச் சாத்திவிட்டு, ரொட்டி தீர்ந்துவிடுமே என்று கடைக்கு விரைகிறாள்.