கையுறை போடாத அன்பு

கொய்யாமரத்துக்குப் போர்த்திய பழைய மீன்வலையில் சிக்கித் தாய் வௌவால் செத்துப்போயிருந்தது. அதன் நெஞ்சில் ஒட்டியிருந்த குட்டியைத் தடித்த துணியால் சுற்றி எடுத்தவள் ஆரையம்பதி அஜந்தா. மிருக வைத்தியரிடம் கேட்டு, வௌவாலாலும் தொற்றலாம் என்று அவர் சொன்ன விசர்நாய்க்கடி நோய்க்குத் தனக்குத் தடுப்பூசியும் போட்டுக்கொண்டு, மூன்று வாரமாகப் பால் புகட்டினாள். சிறகு பலத்ததும் வாவிக்கரை மருதமரத்துக் கூட்டத்தோடு சேர்த்துவிட வேண்டும் என்பதே அவள் ஆசை.

செய்தி பரவி, உயிரினநேசர் சங்கத் தலைவர் உதயரூபன் போட்டோக்காரரோடு வந்து இறங்கினார். எல்லா உயிருக்கும் தாம் உறவு என்பது அவருடைய அபிப்பிராயம். உயிர்களை யாரும் கேட்டதில்லை.

"வெறுங்கையால தொடாதீங்க சேர். கையுறை இருக்கு."

"கையுறை போட்டா படத்தில அன்பு தெரியாது புள்ள" என்று குட்டியைப் பிடுங்கி முத்தமிடப் போனார். மிரண்ட குட்டி அவர் விரலைக் கடித்தது.

உறவு அந்த நொடியே முறிந்தது. "இதுக்கு விசர் இருக்கா எண்டு பாக்கோணும். சாக்காட்டி, தலைய ஆய்வுக்கு அனுப்பினாத்தான் தெரியும்."

"நீங்க எப்பிடியும் ஊசி போடத்தானே வேணும் சேர். பிறகு இத ஏன் கொல்லுவான்?"

"என்ட உயிரும் வௌவால்ட உயிரும் ஒண்டா?"

அவர் யாருக்கோ போன் எடுத்தார். மாலைக்குள் கூடையோடு ஆள் வந்தது. துணியைப் பற்றியிருந்த நகங்களை அஜந்தாவே ஒவ்வொன்றாக விடுவித்துக் கொடுத்தாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. நோய் இல்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் குட்டிக்கான இரங்கல் தீர்மானத்தை உதயரூபனே தழுதழுத்தபடி முன்மொழிந்தார். அழைத்து வந்திருந்த அஜந்தாவை வழிமொழியச் சொன்னார்கள். அவள் எழும்பவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.