விட்டுப்போன இரண்டு வருஷம்

வேலை விண்ணப்பத்தில் மாரிசெலா, பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் முதல் இரண்டு வருஷம் படித்த ஊர்க் கம்யூனிட்டி காலேஜை, யாருக்கும் இடம் கொடுக்கும் அந்த மலிவான காலேஜை, எழுதவில்லை. பல்கலைக்கழகத்தில் அவளோடு அறையில் தங்கியிருந்த புரூக் அப்போதே ஓதிவைத்திருந்தாள்: "அந்தப் பேரைப் பார்த்தாலே பேப்பரைத் தூக்கி ஓரமாப் போட்டுடுவாங்கடி. கடைசி ரெண்டு வருஷத்தை மட்டும் போடு." புரூக்குக்கு என்ன, அப்பா வக்கீல். பட்டம் வாங்கியும் மூன்று வருஷமாகப் பழக் கிடங்கில் பெட்டி அடுக்கும் மாரிசெலா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். 'படிப்பில் இடைவெளி இருந்தால் காரணம்' என்ற கட்டத்தில், தாயாருக்கு நோய் என்று எழுதிவிட்டாள்.

ஃப்ரெஸ்னோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு குடிநீர் நிலையம். பரிசோதனைக்கூடத்துக்கு ஆளெடுக்கும் லொரெட்டா ஹாஸ்கின்ஸ் காகிதத்தைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டதே இதுதான்.

"அம்மா இப்ப எப்படிம்மா இருக்காங்க?"

"பரவாயில்ல மேடம்." மாரிசெலா காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதே பழக் கிடங்கில் வேலை பார்க்கும் அம்மா இந்நேரம் மேஸ்திரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா தண்ணி டெஸ்ட் பண்ற சர்டிஃபிகேட் இல்லாம எடுக்க முடியாதே. நம்ம ஊர் கம்யூனிட்டி காலேஜ்லயே குடுக்கறாங்க. இங்க பாதிப் பேர் அங்க படிச்சவங்கதான். மத்தவங்க ஆறு மாசத்துல கம்பி நீட்டிடறாங்க. நீங்களும் அதை முடிச்சுட்டு அடுத்த வருஷம் வாங்களேன்."

அந்தச் சர்டிஃபிகேட் அவள் வீட்டு அலமாரியில் துணிக்கடியில் கிடந்தது. வாயைத் திறந்தால் பொய்க்காரி, மூடினால் பழக் கிடங்கு.

"எங்கிட்ட இருக்கு மேடம். அங்கதான் ரெண்டு வருஷம் படிச்சேன். நீங்க கேவலமா நினைப்பீங்கன்னு மறைச்சுட்டேன். அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, குண்டுக்கல்லாட்டம் இருக்காங்க."

லொரெட்டா சிரிக்கவில்லை. "இங்க நீங்க எழுதற நம்பரை நம்பித்தான் ஊரே தண்ணி குடிக்கும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"தப்பா எழுதிட்டா என்ன பண்ணணும்?"

"அழிக்கக் கூடாது. மேல ஒரே ஒரு கோடு. அடியில இருக்கறது தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போடணும்." அந்தக் காலேஜில் முதல் வாரம் கற்ற பாடம் அது.

லொரெட்டா விண்ணப்பத்தையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினாள்.

மாரிசெலா அம்மாவின் நோய்மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் காலேஜின் பெயரை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டாள். கோட்டுக்கு அடியில் பொய் நன்றாகவே தெரிந்தது.

"திங்கக்கிழமை சர்டிஃபிகேட்டோட வேலைக்கு வாங்க," என்றாள் லொரெட்டா. "இந்தக் காகிதம் மட்டும், நீங்க ரிட்டையர் ஆகற வரைக்கும் எங்க ஃபைல்ல இப்படியேதான் இருக்கும்."