மீட்டரக்காவின் கை

மீட்டரக்கா ஆலைத் தொட்டியின் இரும்புச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சூடே தெரியவில்லை.

உள்ளே வைக்கோல் கூழ் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அதில் ஊற்றிய மருந்து நாரைச் சர்க்கரையாக உடைக்கும். உடையும்போது பிறக்கும் சூடு பேருக்குத்தான். நீராவிக் குழாயைத் திறந்துவிட்டால்தான் தொட்டி சூடாக நிற்கும். சூடு குறைந்தால் மருந்து சோம்பிவிடும், மிஞ்சினால் செத்துவிடும். சூடு காட்டும் மீட்டரின் முள் எப்போதோ படுத்துவிட்டது. புதிது கேட்டால் சூப்பர்வைசர் சிரிப்பார். "உன் கை இருக்கும்போது மீட்டர் எதுக்கு?" அப்படி வந்ததுதான் இந்தப் பட்டப்பெயர். பெயர் ஏறியதோடு சரி, சம்பளம் ஏறவில்லை.

"அண்ணி, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு," என்றாள் வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்த நாத்தனார். "வீட்டுக்குப் போய்ப் படுங்களேன்."

"காலையிலேயே லீவு கேட்டேன். ஒரேயடியா நின்னுக்கறியான்னு கேக்குறாரு. உங்கண்ணனும் வேலையில்லாம உக்காந்திருக்கு. அடுப்பு எரியணுமா வேண்டாமா?"

மறு கையையும் வைத்துப் பார்த்தாள். அதே குளிர்ச்சி. கூழ் கெட்டால் தலை உருளும் என்ற பயத்தில் நீராவிக் குழாயை நன்றாகத் திறந்துவிட்டாள். பற்கள் கிடுகிடுத்தன. துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

கூழ் தண்ணீராக இளகவேண்டிய நேரம் தாண்டியும் இளகவில்லை. சூப்பர்வைசர் வந்து கரண்டியால் மொண்டு பார்த்தார். வைக்கோல் வைக்கோலாகவே இருந்தது. தொட்டியைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டார்.

"எவ இவ்வளவு நீராவி விட்டது? மருந்து பூரா செத்துப்போச்சே!"

"சில்லுன்னு இருந்துச்சு சார்..."

குழாயை மூட வந்தவர் குறுக்கே இருந்த அவள் கையைப் பிடித்து இழுத்தார். பிடித்த வேகத்தில் விட்டார்.

"அனலா கொதிக்குது! இந்தக் கையை வெச்சா பாத்தே?"

தொட்டி குளிரவில்லை, காய்ச்சலில் கொதித்தது தன் கைதான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின.

"முடியலேன்னு காலையிலேயே சொன்னேனே சார்."

"நாளையிலேர்ந்து வராதே."

நாத்தனார் வாயைத் திறக்கப் போனாள். வேண்டாம் என்று அண்ணி கண்ணைக் காட்டினாள். இனி வீட்டில் மிச்சமிருப்பது நாத்தனாரின் சம்பளம் ஒன்றுதான்.

மீட்டரக்கா வாசலை எட்டும்போது பின்னால் சூப்பர்வைசரின் குரல் கேட்டது. "ஏய், இங்க வா. இனிமே நீதான் தொட்டுப் பாக்கணும்."

மீட்டரக்கா திரும்பிப் பார்த்தாள். முள் படுத்த மீட்டருக்குக் கீழே, நாத்தனார் உள்ளங்கையைத் துணியில் துடைத்துவிட்டுத் தொட்டியின்மேல் வைத்தாள்.