பனிக்குக் கீழே கேட்ட பேச்சு

டிலக்ஷனுக்கும் அனோஜினிக்கும் கலியாணமாகி வந்த முதல் பனிக்காலம் அது. அவன் மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவன். வாரம் முழுக்க இரைச்சலுக்குள் கிடந்துவிட்டு, லீவுக்கு மலைக்குப் போய் அங்கேயும் ஒரு இயந்திரத்தில் ஏறுவதில் இவனுக்கு என்ன சுகமோ என்று அனோஜினி நினைப்பாள். மன்னாரில் வளர்ந்த அவளுக்கு மலையும் புதிது, பனியும் புதிது. ஆனாலும் தனியே விட மனமில்லாமல், பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியை ஓட்டப் பழகினாள்.

மலைக்குப் புறப்பட முதல், மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் அவன் ஒரு சின்னப் பெட்டியைப் பனிக்குள் புதைத்து அவளைத் தேடச் சொன்னான். ஆளுக்கொன்றாக நெஞ்சில் கட்டிக்கொள்ளும் கருவி அது. ஒருவர் பனிச்சரிவில் புதைந்தால் மற்றவரின் பெட்டி தூரத்தை இலக்கமாகக் காட்டும். கிட்டப் போகப் போக இலக்கம் குறையும். தேடித் தேடிக் கை விறைத்து அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

காஸ்பே மலையில் அன்று மேற்சரிவுகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை போட்டிருந்தார்கள். காட்டுப் பாதையை விட்டு விலகுவதில்லை என்றுதான் பேச்சு. ஆனால் மரங்கள் முடிந்த இடத்தில் ஒரு வெண்சரிவைக் கண்டதும் அவனுக்கு ஆசை விடவில்லை. ஒரு தரம் ஏறித் திரும்பி வருவதாகச் சொல்லி, அவளை மரங்களுக்குள் நிறுத்திவிட்டுப் போனான். பாதி ஏறியிருப்பான். அவனுக்கு மேலே பனியில் ஒரு கோடு விழுந்தது. சரிவு முழுதும் உடைந்து இறங்கியது. தூள் அடங்கியபோது வண்டியின் ஒரு முனை மட்டும் தெரிந்தது. அவனைக் காணவில்லை.

அவள் வண்டியை விட்டிறங்கி உடைந்த பனிமேல் ஏறினாள். பெட்டியைத் தேடலுக்கு மாற்றினாள். இலக்கம் குறைந்தது, கூடியது, மறுபடி குறைந்தது. முதுகுப்பையில் இருந்த நீளக் கம்பியை எடுத்துப் பனிக்குள் இறக்கிப் பார்த்தாள். மெத்தென்று எதிலோ முட்டியது. கம்பியை அப்படியே விட்டு, சரிவின் கீழ்ப்பக்கமாகச் சவளால் பனியை வெட்டி அள்ளினாள். தலைக்கவசம் தெரிந்ததும் சவளை எறிந்துவிட்டு, வாயையும் மூக்கையும் அடைத்திருந்த பனியைக் கையால் தோண்டினாள். முகம் நீலம் பாரித்திருந்தது. பிறகு ஒரு இருமல். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பின்னால் வந்த இரண்டு கியூபெக்காரர் உதவிக்கு ஆள் அழைத்தார்கள். காறை எலும்பு முறிவோடு தப்பினான்.

வீட்டுக்கு வந்த பிறகு, பகல் தூக்கத்தில் போர்வை கழுத்துக்கு மேலே வந்தாலே மூச்சு முட்டி எழும்பினான். அவள் போர்வையை எடுத்துவிட்டு ஹீற்றரைக் கூட்டினாள்.

"உள்ளுக்குக் கிடக்கேக்கை உம்மடை சத்தம் கேட்டது," என்றான் அவன். "நான் கத்தினது உமக்குக் கேக்கேல்லை எண்டும் விளங்கினது."

தான் வாய் திறந்ததே அவளுக்கு நினைவில்லை. என்ன சொன்னேன் என்று கேட்டாள்.

"பேச்சுத்தான். எச்சரிக்கை போட்டிருக்க ஏறின மடையன் எண்டீர். செத்தால் கொல்லுவன் எண்டும் சொன்னீர்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவன் பக்கத்தில் சரிந்து, நோகாத தோளில் கையைப் போட்டுக்கொண்டாள்.

"பாரமா இருக்கோ?"

"இல்லை," என்றான். "இருக்கட்டும்."